எபிசோட் 37: ஒரே மனை, ரெண்டு இடிப்பு

போன எபிசோடுக்கு நிறைய மெசேஜ் வந்திருக்கு, எல்லாத்தையும் படிச்சேன், பதில் போட லேட்டாகும், மன்னிச்சிடுங்க. இன்னைக்கு ஐடி இல்ல, ஏஐ இல்ல, லே-ஆஃப் இல்ல. ஒரு கட்டடத்தோட கதை. சரியா சொல்லணும்னா, ஒரே இடத்துல நின்ன மூணு கட்டடங்களோட கதை.

முதல்ல நமக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். சென்ட்ரல்ல இருந்து ஆவடிக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ லோக்கல் ட்ரெயின் பிடிக்கிறவங்க, ஆப்ல டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேஷன் பேர் எம்.எம்.சி.ன்னு வரும், கவனிச்சிருப்பீங்க. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். நான் காலேஜ் படிச்ச நாலு வருஷமும் அங்கதான் ஏறி இறங்கினேன். அந்த மார்க்கெட் எங்கன்னு ஒரு நாள்கூட எனக்குக் கேக்கத் தோணல. சில பேர் ஒரு ஊர்ப் பேர் மாதிரி, அர்த்தம் பார்க்காம வாயில ஓடிட்டே இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

எங்க அப்பாவுக்கு மட்டும் அது ஓடாது. "மூர் மார்க்கெட்"னு சொல்லும்போது அவர் குரல்ல ஒரு சின்ன இறக்கம் வரும். 1982-ல படிக்க மெட்ராஸ் வந்தவர் அவர். கையில காசு இல்ல. கிளார்க்ஸ் டேபிள், அதாங்க லாகரிதம் டேபிள் புத்தகம், அதை அங்கதான் பேரம் பேசி பழைய விலைக்கு வாங்கினார். இன்னும் வீட்ல இருக்கு, முதல் பக்கத்துல வேற யாரோ ரெண்டு பேரோட கையெழுத்தோட. 1900-ல திறந்த சிவப்புக் கட்டடம், இந்தோ-சாரசெனிக் பாணி, உள்ள பழைய புத்தகம், கிராமபோன் ரெக்கார்டு, கூண்டுக் கிளின்னு எல்லாம் விக்கும். 1985 மே 30-ஆம் தேதி எரிஞ்சு போச்சு. கடைக்காரங்களைப் பக்கத்துல அல்லிக்குளம் பக்கம் மாத்தினாங்க, மார்க்கெட் இருந்த இடத்துல ரயில்வே கட்டடம் வந்தது. இந்தக் கதையை அப்பா குறைஞ்சது இருபது தடவை சொல்லியிருப்பார். நான் இருபது தடவையும் போனைப் பார்த்துட்டே தலையாட்டியிருக்கேன்.

அதே குரல் இறக்கத்தை நான் மறுபடி கேட்டது பெர்லின்ல. ரெண்டு வாரம் ஆபீஸ் வேலையா போயிருந்தேன். எங்க டீம்ல ஒருத்தர், வயசு ஐம்பதைத் தொடப் போறவர், கிழக்கு பெர்லின்ல பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சு ஸ்ப்ரே ஆத்தங்கரையில நடந்துட்டிருந்தோம். எதிர்ல பெரிய அரண்மனை. மேல டோம், டோம் மேல தங்க நிறத்துல சிலுவை. நான் டூரிஸ்ட் மாதிரி, "எத்தனை வருஷப் பழசு?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "உன் காலேஜ் டிகிரியைவிடக் கொஞ்சம் புதுசு"ன்னார்.

கட்டடத்தோட பேர் ஹம்போல்ட் ஃபோரம். 2013-ல அடிக்கல் நாட்டி, 2021-ல மக்களுக்குத் திறந்தது. செலவு சுமார் 680 மில்லியன் யூரோ. மூணு பக்கம் பரோக் கால அரண்மனையோட முகப்பை அப்படியே நகல் எடுத்துச் செதுக்கியிருக்காங்க. ஆத்தைப் பார்த்த நாலாவது பக்கம் மட்டும் பளிச்சுன்னு மாடர்ன் சுவர். ஃப்ரான்கோ ஸ்டெல்லான்னு ஒரு இத்தாலிய ஆர்க்கிடெக்ட் டிசைன். உள்ள கான்க்ரீட். அதாவது பழைய தோல் போர்த்தின புதுக் கட்டடம்.

"இங்க முன்னாடி என்ன இருந்தது?"ன்னு கேட்டேன். அப்பதான் அந்தக் குரல் இறங்குச்சு. "இங்கதான் நான் முதல் தடவை பௌலிங் ஆடினேன்"னார்.

பின்னணியைச் சொல்லிடறேன். அந்த இடத்துல முதல்ல ஒரு நிஜ அரண்மனை இருந்தது. 1443-ல கோட்டையா ஆரம்பிச்சு, 1700-ஐ ஒட்டி ஆந்த்ரேயாஸ் ஷ்லூட்டர்ங்கிற சிற்பி-ஆர்க்கிடெக்ட் கையில பரோக் அரண்மனையா மாறி, 1850 வாக்குல டோம் வச்சு முடிச்சது. பிரஷ்ய மன்னர்கள், அப்புறம் ஜெர்மன் பேரரசர்கள் இருந்த இடம். முதல் உலகப் போர் தொடங்குனப்ப இரண்டாம் வில்ஹெல்ம் இதோட மாடத்துல நின்னுதான் கூட்டத்துகிட்ட பேசினார். 1918 நவம்பர் 9-ல மன்னராட்சி சரிஞ்ச அன்னைக்கு, கார்ல் லீப்னெக்ட் இதே அரண்மனையில இருந்து சோஷலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார். ரெண்டாம் உலகப் போர்ல, 1945 பிப்ரவரி 3 குண்டுவீச்சுல, கட்டடம் எரிஞ்சது.

எரிஞ்சதே தவிர, விழல. இது முக்கியம். சுவர்கள் நின்னுச்சு. போருக்கு அப்புறம் சில அறைகளைச் சரி பண்ணி அங்க கண்காட்சிகூட நடத்தினாங்க. ஆனா 1950-ல கிழக்கு ஜெர்மனியோட கட்சித் தலைவர் வால்டர் உல்பிரிஷ்ட், இடிக்கலாம்னு முடிவு எடுத்தார். சேதம் அதிகம், பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது, ஊர்வலம் நடத்த பெரிய மைதானம் வேணும்னு காரணம் சொன்னாங்க. கலை வரலாற்று அறிஞர்கள் எதிர்த்து எழுதினாங்க, யாரும் காதுல போட்டுக்கல. செப்டம்பர்ல வெடி வைக்க ஆரம்பிச்சு வருஷக் கடைசிக்குள்ள தரைமட்டம்.

இதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. இடிக்கிறப்ப ஒரே ஒரு வாசலை மட்டும் பத்திரமா கழட்டி வச்சாங்க. லீப்னெக்ட் பேசினதா சொல்ற அந்த மாடம் இருக்கிற வாசல். 1960-கள்ல பக்கத்துலயே கட்டின அரசு மன்றக் கட்டடத்தோட முகப்புல அதைப் பொருத்தினாங்க. "காப்பாத்த முடியாது"ன்னு சொன்ன அதே கட்டடத்துல இருந்து, தங்களுக்கு வேண்டிய பகுதியைக் காப்பாத்த முடிஞ்சிருக்கு பாருங்க. காலத்தோட கிண்டல் என்னன்னா, சோஷலிசப் பிரகடன வாசலோட அந்தக் கட்டடத்துல இப்ப நடக்கிறது ஒரு தனியார் பிசினஸ் ஸ்கூல். எம்.பி.ஏ. சொல்லித் தராங்க.

அரண்மனை இருந்த இடம் இருபது வருஷத்துக்கும் மேல வெறும் பொட்டல். ஊர்வலம், பார்க்கிங். அப்புறம் 1973-ல ஆரம்பிச்சு 1976 ஏப்ரல்ல திறந்தாங்க, குடியரசு மாளிகை, ஜெர்மன்ல பலாஸ்ட் டேர் ரெபுப்ளிக். 180 மீட்டர் நீளம், ஸ்டீல் சட்டம், வெண்கல நிறக் கண்ணாடி. போட்டோ பார்த்தா, உண்மையைச் சொல்றேன், நம்ம ஓ.எம்.ஆர். ஐடி பார்க் மாதிரிதான் இருக்கு. அழகுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா உள்ள என்ன இருந்தது தெரியுமா? ஒரு பக்கம் நாடாளுமன்றம். அந்த ஊர் நாடாளுமன்றம்னா கட்சி சொன்னதுக்குக் கை தூக்குற இடம், அவ்வளவுதான். மீதி இடம் முழுக்க மக்களுக்கு. ஐயாயிரம் பேர் உட்காரக்கூடிய ஹால், தேவைக்கு ஏத்த மாதிரி சுவரும் தரையும் நகர்ந்து சின்னதாக்கக்கூடிய ஹால். ரெஸ்டாரன்ட்கள், மில்க் பார், தியேட்டர், டிஸ்கோ, போஸ்ட் ஆபீஸ், பேஸ்மென்ட்ல பௌலிங். லாபி முழுக்க உருண்டை உருண்டையா ஆயிரக்கணக்குல விளக்கு. அதனால ஊர்க்காரங்க வச்ச பட்டப்பேர் "எரிஷ் விளக்குக் கடை". எரிஷ்ங்கிறது அப்ப ஆட்சியில இருந்த எரிஷ் ஹோனெக்கர்.

கடையில வாழைப்பழம் அபூர்வமா கிடைக்கிற ஊர்ல, அந்தக் கட்டடத்துக்குள்ள மட்டும் நல்ல சாப்பாடு, மலிவு விலையில. என் டீம்மேட்டோட அக்காவுக்கு பதினாலு வயசு சடங்கு, அங்க மதம் சாராம அரசு நடத்துற ஒரு விழா உண்டு, அது முடிஞ்சு குடும்பமே சாப்பிட்டது அங்கதான். அவருக்கு அப்ப எட்டு வயசு. பௌலிங் பந்து தன் தலையைவிட கனமா இருந்ததுன்னு சொல்றார்.

இதைக் கேட்டு ஏதோ பொற்காலம்னு நினைச்சிடாதீங்க. அந்த மாளிகைக்குள்ளேயும் ஸ்டாசி, அதாவது அவங்க உளவுப் போலீஸ், கண்காணிச்சிட்டுதான் இருந்தது. 1983-ல மேற்கு ஜெர்மனி ராக் பாடகர் உடோ லிண்டென்பெர்க் அங்க கச்சேரி பண்ணார். உள்ள உட்கார்ந்தது கட்சி இளைஞர் அமைப்பு தேர்ந்தெடுத்து அனுப்பின ஆடியன்ஸ். நிஜ ரசிகர்கள் வெளிய, போலீஸ் வளையத்துக்கு அந்தப் பக்கம். கொஞ்ச தூரத்துல இருந்த சுவர்ல, 1961-ல இருந்து 1989 வரைக்கும், குறைஞ்சது 140 பேர் செத்திருக்காங்க. என் டீம்மேட்டோட மாமாவே எல்லை தாண்ட முயற்சி பண்ணி ஜெயில்ல இருந்தவர். இவர் அந்த அரசாங்கத்துக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடுற ஆள் இல்ல.

இனிதான் விஷயமே. 1989 அக்டோபர் 7. கிழக்கு ஜெர்மனிக்கு நாற்பதாவது பிறந்தநாள். உள்ள கோர்பச்சேவோட விருந்து நடக்குது, வெளிய மக்கள் "கோர்பி, கோர்பி"ன்னு கத்துறாங்க. ஒரே மாசத்துல சுவர் விழுந்தது. 1990 மார்ச்ல அந்த நாட்டோட முதலும் கடைசியுமான சுதந்திரத் தேர்தல். அதுல ஜெயிச்ச நாடாளுமன்றம் கூடினதும் இதே மாளிகையிலதான். ஆகஸ்ட் 23-ஆம் தேதி, மேற்கு ஜெர்மனியோட சேரலாம்னு 294 ஓட்டு, வேணாம்னு 62 ஓட்டு. ஒரு நாடு தன்னைத்தானே கலைச்சுக்கிட்ட அறை அது. சர்வாதிகாரச் சின்னம்னு மட்டும் அந்தக் கட்டடத்தைச் சொல்ல முடியாது. ஜெர்மனி ஒண்ணானதும் அங்கதான் முடிவாச்சு.

அடுத்த மாசமே, செப்டம்பர் 19, கட்டடத்தை மூடிட்டாங்க. காரணம் அஸ்பெஸ்டாஸ். ஸ்டீலுக்குத் தீ பிடிக்காம இருக்க டன் கணக்குல அஸ்பெஸ்டாஸ் ஸ்ப்ரே பண்ணியிருந்தாங்க. அந்தத் தூசு நுரையீரலுக்குள்ள போனா கேன்சர் வரும். இது பொய்க் காரணம் இல்ல, நிஜமான ஆபத்து. மூடினது சரிதான்.

ஆனா பாருங்க. 1998-ல இருந்து 2003 வரைக்கும் செலவு பண்ணி அந்த அஸ்பெஸ்டாஸ் முழுசையும் எடுத்தாங்க. எடுத்து முடிச்சு, சுத்தமான எலும்புக்கூடா நிக்குது கட்டடம். இடிக்க ஆரம்பிச்சது 2006 பிப்ரவரி. அதாவது இடிக்கிறப்ப இடிக்கறதுக்குச் சொன்ன காரணம் அங்க இல்ல! நம்ம பாஷையில சொன்னா, பக் ஃபிக்ஸ் ஆயிடுச்சு, டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு, அப்புறம் "இந்த பக்னாலதான் ப்ராடக்டையே தூக்குறோம்"னு மெயில் வருது. மேற்கு பெர்லின்ல ஐ.சி.சி.ன்னு 1979-ல கட்டின பிரம்மாண்ட மாநாட்டு மையம் இருக்கு. அதுலயும் அஸ்பெஸ்டாஸ். அது இன்னும் நிக்குது, 2019-ல இருந்து பாதுகாக்கப்பட்ட சின்னம். ரெண்டு கட்டடத்துக்கும் ஒரே வியாதி. ஒண்ணுக்கு சமாதி, இன்னொண்ணுக்கு பாராட்டுப் பத்திரம்.

அப்ப நிஜக் காரணம் என்ன? 1993-க்குப் போவோம். வில்ஹெல்ம் ஃபான் போடியன்னு ஒரு வியாபாரி, விவசாய இயந்திரம் விக்கிறவர். பழைய அரண்மனையைத் திரும்பக் கட்டணும்னு அவருக்கு ஆசை. பேச்சுல யாரும் மசியல. அதனால அவர் ஒரு வேலை பண்ணார். அரண்மனை நின்ன இடத்துல சாரம் கட்டி, அதுமேல அரண்மனை முகப்பை அதே அளவுல துணியில வரைஞ்சு மாட்டிட்டார். பக்கத்துல இருந்த குடியரசு மாளிகை மேல கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கிற பரப்பு வச்சு, அரண்மனை இன்னும் நீளமா தெரியற மாதிரி பண்ணார். ஒரு வருஷத்துக்கும் மேல அது நின்னுச்சு. மக்கள் வந்து பார்த்துட்டு, "ஆஹா, ஊருக்கு நடுவுல இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்"னு போனாங்க. சாஃப்ட்வேர்ல இதை ப்ரோட்டோடைப்னு சொல்லுவோம். நூறு பக்க டாக்குமென்ட் செய்யாத வேலையை ஒரு டெமோ செஞ்சிடும். நான் அந்த மனுஷனை மெச்சுறேன், ஒத்துக்கிறேன்னு அர்த்தம் இல்ல.

கவனிச்சீங்களா, அந்தக் காட்சியில குடியரசு மாளிகையோட வேலை என்ன? அரண்மனையைப் பிரதிபலிக்கிற கண்ணாடி. உயிரோட இருக்கும்போதே அதை மறைச்சாச்சு.

2002 ஜூலை 4-ல ஜெர்மன் நாடாளுமன்றத்துல வாக்கெடுப்பு. பரோக் முகப்போட திரும்பக் கட்டலாம்னு பெரிய மெஜாரிட்டி. கலைஞர்களும் ஆர்க்கிடெக்ட்களும் எதிர்த்தாங்க. அஸ்பெஸ்டாஸ் எடுத்த வெறும் கூட்டுக்குள்ள நாடகம், இசை, கண்காட்சின்னு ரெண்டு வருஷம் நடத்திக் காட்டினாங்க. 2005-ல லார்ஸ் ராம்பெர்க்னு ஒரு நார்வே கலைஞர், கூரை மேல பெரிய பெரிய நியான் எழுத்துல ஒரே ஒரு வார்த்தை வச்சார். "ட்ஸ்வைஃபெல்". சந்தேகம்னு அர்த்தம். ராத்திரி ஊர் நடுவுல அந்த ஒத்த வார்த்தை மட்டும் எரியும். எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான்.

இடிக்கிறதுக்கு மூணு வருஷம் ஆச்சு, 2008 கடைசி வரைக்கும். அரண்மனையை அன்னைக்கு நாலு மாசத்துல வெடி வச்சு முடிச்சவங்களைவிட இவங்க மெதுவா, மரியாதையா பண்ணாங்கன்னு நினைக்காதீங்க, அதுக்குக் காரணம் நிலத்தடி நீர். ஆத்தங்கரை, அடித்தளம் ஒரு பெரிய தொட்டி மாதிரி. மேல இருக்கிற எடையைச் சட்டுன்னு எடுத்தா, கீழ இருக்கிற தண்ணி அந்தத் தொட்டியை மேல தள்ளும், பக்கத்துல இருக்கிற கட்டடங்களுக்கும் ஆபத்து. அதனால கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, தொட்டியில மணல் நிரப்பி எடையைச் சமன் பண்ணாங்க. அரசாங்கம் இதுக்கு "இடிப்பு"ன்னு பேர் வைக்கல. "பின்கட்டுமானம்"கிற மாதிரி ஒரு வார்த்தை, "ரூக்பாவ்". வீட்டை இடிக்கல, கட்டினதைத் திருப்பிக் கழட்டுறோம், அவ்வளவுதான்னு. அதோட ஸ்டீல்ல கொஞ்சம் துபாய்ல புர்ஜ் கலீஃபா கட்டப் போச்சுன்னு அப்ப செய்தி வந்தது.

என் டீம்மேட் அந்த மூணு வருஷமும் டிராம்ல வேலைக்குப் போகும்போது ஜன்னல் வழியா பார்த்திருக்கார். படிக்கட்டுக் கூண்டுகள் மட்டும் கடைசி வரை தனித்தனியா நின்னுச்சாம். போராட்டத்துக்குப் போனீங்களான்னு கேட்டேன். இல்லைன்னார். ஏன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னார்: "போனா, ஓ, உனக்கு அந்த ஆட்சி வேணுமான்னு கேப்பாங்க. அந்த ஆட்சி போனதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா என் எட்டு வயசையும் சேர்த்து ஏன் இடிச்சாங்கன்னு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

நான் ரெண்டு வாரத்துல அங்க கத்துக்கிட்ட டெக்னிகல் விஷயமெல்லாம் மறந்து போச்சு, இது மட்டும் நிக்குது.

எனக்கு இதுல புரியறது என்னன்னா, ஒரு கட்டடத்துல ஆட்சியோட நினைவும் இருக்கு, ஆட்களோட நினைவும் இருக்கு. ரெண்டும் ஒரே செங்கல்லதான் ஒட்டிட்டிருக்கு. இடிக்கிறவங்க ஆட்சியோட நினைவைத்தான் குறி வைக்கிறாங்க. உல்பிரிஷ்ட் மன்னராட்சியைக் குறி வச்சார், ஒருங்கிணைந்த ஜெர்மனி உல்பிரிஷ்டோட வாரிசுகளைக் குறி வச்சது. ஆனா ஆட்சிக்கு வேற நூறு இடத்துல நினைவு இருக்கு. ஆவணக் காப்பகத்துல இருக்கு, பாடப் புத்தகத்துல இருக்கு, சிலையில இருக்கு. பௌலிங் ஆடின பையனுக்கு அந்த ஒரு பேஸ்மென்ட்தான். அதனால அடி விழறது எப்பவும் இவங்க மேலதான்.

இதுக்கு எதிர்வாதம் இருக்கு, அதையும் நேர்மையா சொல்லணும். "அரண்மனையை இடிச்சது அநியாயம்தானே, அந்த அநியாயத்தைச் சரி பண்றதுல என்ன தப்பு?"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. போர்ல எரிஞ்ச ஊரோட மையத்துல திரும்ப ஒரு அழகு வேணும்னு ஆசைப்படறதும் தப்பில்ல. சும்மா இல்ல, முகப்புக்காக மக்கள் நன்கொடையே 100 மில்லியன் யூரோவுக்கு மேல கொடுத்திருக்காங்க. ஆனா ரோல்பேக் பண்றதுன்னா எந்த வெர்ஷனுக்கு? 1443 கோட்டைக்கா? ஷ்லூட்டரோட அரண்மனைக்கா? போர் அறிவிச்ச 1914 மாடத்துக்கா? எரிஞ்சு கறுத்து, ஆனா கண்காட்சி நடந்த 1946 சுவருக்கா? அவங்க தேர்ந்தெடுத்தது டோமும் சிலுவையும் வச்ச வெர்ஷன். அந்த டோமைச் சுத்தி, இயேசு பேரைக் கேட்டா வானத்துலயும் பூமியிலயும் எல்லா முழங்காலும் மடங்கணும்கிற பொருள்ல ஒரு வாசகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மன்னர் ஒருத்தர் விரும்பி வச்சது. அதையும் அப்படியே திரும்ப எழுதினாங்க. அதுக்கு நேர் கீழ, உள்ள என்ன இருக்கு? ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் தீவுகள்ல இருந்து வந்த பொருட்களோட அருங்காட்சியகம், நிறைய காலனி காலத்துல எடுத்து வந்தது. நியூ கினி பக்கம் லுஃப்னு ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவு ஜனங்க கட்டின ஒரு பெரிய படகு அங்க இருக்கு. வாசல் வழியா நுழையாது, அதனால கட்டிட்டிருக்கும்போதே சுவர்ல இடம் விட்டு, படகை உள்ள ஏத்திட்டு, அப்புறம் சுவரை மூடினாங்க. இனி அதை வெளிய எடுக்கணும்னா சுவரை உடைக்கணும். பெனின் வெண்கலச் சிற்பங்களோட உரிமையை 2022-ல நைஜீரியாவுக்கு மாத்திக் கொடுத்ததெல்லாம் தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

ஆக, பழசைத் திரும்பக் கட்டினாங்க, ஆனா பழசோட கூடவே வந்த கேள்வியும் திரும்ப வந்துடுச்சு.

ஒரு வேடிக்கை. 2024-ல அதே ஹம்போல்ட் ஃபோரம், இடிச்ச குடியரசு மாளிகையைப் பத்தி பெரிய கண்காட்சி நடத்துச்சு. அங்க வேலை பார்த்தவங்க, சாப்பிட்டவங்க, ஆடினவங்ககிட்ட எல்லாம் நினைவுகளைக் கேட்டுச் சேகரிச்சாங்க. என் டீம்மேட் தன் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருக்கார். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழைய பாத்திரங்கள், விளக்குகள். பொண்ணு கேட்டிருக்கா, "அப்பா, இதுதான் உங்க வீட்டுச் சாமானா?"

சரி, மெட்ராஸுக்கு வருவோம். பெர்லின்ல புல்டோசர் ஏறின அதே 2006-ல, நம்ம மவுண்ட் ரோட்லயும் ஒரு கட்டடத்தை இடிக்க ஆரம்பிச்சாங்க. பாரத் இன்சூரன்ஸ் பில்டிங். 1897-ல ஒரு ஆங்கிலேய மருந்துக் கடைக்காரர் கட்டினது, சிவப்புச் செங்கல், கோபுரம் கோபுரமா, அண்ணா சாலையில போனா இப்பவும் கண்ணுல படும். இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட் நிறுத்துச்சு. அந்தக் கட்டடம் இன்னும் நிக்குது, ஆனா நல்லா இல்ல. பராமரிப்பில்லாம, செடி முளைச்சு, கேட் மூடி. இடிக்க விடல, சரி. ஆனா உள்ள யாரும் போக முடியலன்னா அது யாரோட நினைவு? 2012-ல தமிழ்நாட்டுல பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கு. சட்டத்துக்கு முன்னாடி யாராவது அந்தப் பக்கம் நடந்து போய் "இது என்ன?"ன்னு கேக்கணும்.

நான் பெர்லின்ல இருந்து திரும்பி வந்த வாரம், அப்பாவோட சென்ட்ரல் போனேன். வேலை ஒண்ணும் இல்ல, சும்மா. எம்.எம்.சி. வாசல்ல நின்னு, "எதுப்பா புத்தகக் கடை இருந்த பக்கம்?"னு கேட்டேன். இருபத்தோராவது தடவை. இந்தத் தடவை போன் பாக்கெட்ல.

அவர் கொஞ்ச நேரம் சுத்திச் சுத்திப் பார்த்தார். டிக்கெட் கவுன்டர் பக்கம் கை காட்டினார். அப்புறம், "இல்லடா, அந்தப் பக்கமா?"ன்னு பார்க்கிங் பக்கம் திரும்பினார். அப்புறம் கையைக் கீழ போட்டுட்டார். நாற்பது வருஷமா சொல்லிட்டிருந்த கதை, இடம் காட்ட முடியல. கட்டடம் இருந்தா தூணை எண்ணிச் சொல்லியிருப்பார். ரெண்டு பேரும் வெளிய வந்து டீ குடிச்சோம், அவர் அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசல.

கேக்கறவங்கள்ல யார் வீட்லயாவது அம்மாவோ தாத்தாவோ மூர் மார்க்கெட்ல ஏதாவது வாங்கியிருந்தா, கேட்டுப் பாருங்க. எந்த வாசல் வழியா போனாங்க, இடது பக்கமா வலது பக்கமா, என்ன விலை, யார் கடை. ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட் போதும், வழக்கமான நம்பருக்கு அனுப்புங்க. அப்பாகிட்ட போட்டுக் காட்டணும்.